நடுவில் இழுக்கிற கதை

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஐம்பது வயதிலும் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிறார்களே என்று நீ மாடிப்படியில் குதித்துக் குதித்து ஏறாதே. முழங்காலுக்கு அதெல்லாம் தெரியாது. நான் நன்றாக இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டதில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

உன் அண்ணன் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டினவரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சமையலறை டப்பாக்களை எல்லாம் வரிசை மாற்றி அடுக்கிவிட்டார். உப்பு எங்கே என்று கேட்டால், "மூணாவது ஸ்டாப்" என்கிறார்.

ஒரு உதவி வேண்டும். மருந்துக்கடையில் ஆள் வராத நேரத்தில் நீ துப்பறியும் நாவல் படிப்பாயே, அதில் படித்து முடித்தது ஒன்றிரண்டு அனுப்புவாயா? எனக்குத்தான். பொழுதே போகவில்லை.

இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிரில் உட்கார்ந்து தபால்தலைக்குத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருப்பதே அவர்தான். நீ அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவின் வணக்கம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் விற்கிற தைலத்தை நானும் தேய்த்துப் பார்த்தேன். இனிமேல் அதை வாங்க வருகிறவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ தெரியவில்லை. இவர் சுகம். உங்கள் இடுப்பு வலிக்கு ஒரு பட்டை வைத்திருக்கிறேன்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது, பொழுதும் போகவில்லை. இரண்டும் ஒரே கடிதத்தில்! கல்யாணமான புதிதில் நான் கொடுத்த நாவலை இரண்டாம் பக்கத்திலேயே முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டவர் நீங்கள். போகட்டும், கேட்டதை அனுப்புகிறேன். ஒன்று, மலை விடுதியில் சமையல்காரன் தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடப்பது. இன்னொன்று, மேலே ஏறின லிஃப்டிலிருந்து ஆள் காணாமல் போவது. முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதினவர் நடுவில் சவ்வாக இழுக்கிறார். எனக்கு முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுந்துவிட வேண்டும், அப்புறம் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

வீட்டில் மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும். மற்றவர்கள் என்றால் மற்றவர்கள்தான், பெயர் சொல்லமாட்டேன். அம்மா போன அன்று நான் அவரிடம் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் எனக்கு வருத்தம்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

இடுப்புப் பட்டை கச்சிதமாக இருக்கிறது. இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படித் தைத்தேன் என்று தெரியவில்லை. உங்கள் பக்கம் மழை விட்டதா? சளி பிடித்தால் கடையில் இருக்கிற எல்லா மாத்திரையையும் நீயே போட்டுப் பார்க்காதே.

இரண்டு புத்தகமும் படித்தேன். லிஃப்ட் கதை எனக்குப் பிடிக்கவில்லை. புறப்பட்டதிலிருந்து டாப் கியர்தான். இறக்கத்தில் அந்த வேகத்தில் வந்தால் கடைசி வளைவில் பிரேக் பிடிக்குமா? அங்கேதான் கதை பள்ளத்தில் இறங்கிவிட்டது. கொலைகாரன் யார் என்று சொன்னபோது அவன் முகமே எனக்கு ஞாபகம் இல்லை. எங்கே ஏறினான், எங்கே உட்கார்ந்தான், ஒன்றும் தெரியவில்லை.

விடுதிக் கதைதான் சரியான ஓட்டம். மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில்தான் ஏறுவார்கள், அது இழுப்பது ஆகாது. ஒவ்வொரு ஆளும் எங்கே ஏறினார், கையில் என்ன வைத்திருந்தார் என்று எல்லாம் தெரிகிறது. தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்று முடிவு வந்தபோது அவனை நினைத்துப் பாவமாக இருந்தது.

நான் சொல்வது சரிதானே? இன்னும் இருந்தால் அனுப்பு.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மழை நின்றுவிட்டது. சளி பிடித்தது, நாலு மாத்திரைக்கு மேல் போடவில்லை, சத்தியமாக.

சைக்கிளில் பின்னால் உட்காரச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்கிற நீங்கள் எப்போது கியர் மாற்றக் கற்றுக்கொண்டீர்கள்? கடிதத்தைக் கடையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்தவர் எனக்கே ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

புத்தகங்கள் திரும்பி வந்தன. ஓரத்தில் பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். பக்கத்தை மடக்கினால் புத்தகத்துக்கு வலிக்கும் என்று, நிறுத்தின இடத்தில் புள்ளி வைக்கிற ஒரு ஆளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். லிஃப்ட் கதையில் புள்ளிகள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன, எறும்பு ஊர்ந்த மாதிரி. அலுத்து அலுத்து வைத்திருக்கிறார். விடுதிக் கதையில் பாதிப் புத்தகம் வரை ஒரு புள்ளி கூட இல்லை. ஒரே மூச்சில் படித்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அதனால் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீங்களே படித்ததாக இருக்கட்டும். ஆனால் விடுதிக் கதை இழுப்புதான். அதில் மாற்றமில்லை என்று அந்த வாசகரிடம், மன்னிக்கவும், உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் மூன்று அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லாரும் நலம். திரை வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அளவு தப்பாகக் கொடுத்ததால் ஒரு வகுப்புக்கு மட்டும் திரை தரையைப் பெருக்குகிறது.

புத்தகம் நான்தான் படித்தேன். புள்ளியும் நான்தான் வைத்தேன். புள்ளி வைக்கத் தெரியாதா எனக்கு?

மூன்றில் இரண்டு பரவாயில்லை. மூன்றாவதில் துப்பறிகிறவன் தூங்குவதே இல்லை, சாப்பிடுவதே இல்லை. இப்படி ஒருவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன். வேகமாகப் போகிறவனைப் பார்த்துக் கை தட்டுவார்கள். மெதுவாகப் போகிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை யாரும் கேட்கமாட்டார்கள். கதை எழுதுகிறவருக்கும் அப்படித்தானே?

இப்படிச் சொன்னதும், அதாவது நான் சொன்னதும், உன் அண்ணன் எழுந்து போய் வாசல் குழாயை இறுக்க ஆரம்பித்துவிட்டார். அது ஒழுகவே இல்லை.

அவர் இளைத்துவிட்டார் பாப்பா. தபால்காரர் வருகிற நேரத்துக்கு மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? சாப்பாட்டுக்குப் பின் போட ஒரு சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறேன். யாருக்கு என்று எழுதவில்லை, இளைத்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

இத்துடன் வருகிற புத்தகத்தைப் பாதி வரை ரசித்துப் படித்தேன். அப்புறம் சுவரில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. தீவுக்குப் போன மீனவன் ஒருவனைக் காணோம். துப்பறிகிறவன் அவன் மனைவியைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறான். அவன் செத்துவிட்டான் என்று இவனுக்குக் கரையிலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் துடுப்புப் போடுகிறான், போடுகிறான், அத்தியாயம் முழுக்கப் போடுகிறான். இதற்குப் பெயர் கதையா? தெரிந்தவன் சொல்லிவிட வேண்டியதுதானே? இதுவும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினால் இனிமேல் புத்தகமே அனுப்பமாட்டேன்.

காரணம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எழுதிவிட்டீர்கள், அதனால் நானும் எழுதிவிடுகிறேன். அம்மா போன அன்று பஸ் எதுவும் ஓடவில்லை. நண்பரின் காரை வாங்கிக்கொண்டு அவர்தான் என்னை அழைக்க வந்தார். ரோடு காலியாகக் கிடந்தது. மாட்டு வண்டி கூட எங்களை முந்தியிருக்கும். வழியில் டீக்கு வேறு நிறுத்தினார். வீட்டு வாசலில் நான் "எப்போ?" என்று கேட்டபோது "இப்பத்தாம்மா" என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அம்மா என்னைப் பார்த்திருப்பாள். "உன் பொறுமைதான் எனக்கு அம்மா முகத்தைக் காட்டாம பண்ணிடுச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கோபத்தில் எழுதுகிறேன், உங்கள் மேல் இல்லை.

பாப்பா


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் முழுக்கக் கடிதம் இல்லை. புத்தகமும் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவர் இப்போது என் கடை வந்தாலே தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

நான் எழுதினது அதிகப்படி என்று தெரியும். யாருக்காவது உடம்பு சரியில்லையா? அண்ணன் நன்றாக இருக்கிறாரா? கேட்டுவிட்டேன், போதுமா? ஒரு வரி போடுங்கள்.

பாப்பா


ஜூலை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே. பதில் எழுத உட்கார்வேன், தைக்க வேண்டிய துணி இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். அப்படியே நாள் போய்விட்டது.

இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. புத்தகங்களைப் படிப்பது உன் அண்ணன்தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கியர், பிரேக் எல்லாம் அவருடையது. நீ அனுப்பின முதல் பார்சலைப் பிரித்தபோது புத்தகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மருந்துக்கடை வாசனை" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

படகுக் கதையைத் திருப்பி அனுப்புகிறேன். படகில் ஏறுகிற இடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அதற்கப்புறம் புள்ளி இல்லை. அலுப்பு இல்லை பாப்பா, அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. நீயும் கேட்டுவிட்டாய், என்ன காரணம் இருக்க முடியும் என்று.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் கதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதல் தடவையாக ஒரு அத்தியாயம் தூங்காமல் படித்தேன். அந்தப் பெண் படகில் என்ன செய்கிறாள் என்று நீ எழுதவே இல்லையே? புருஷனைப் பார்த்ததும் என்ன சொல்லித் திட்டுவேன், என்ன சமைத்துப் போடுவேன் என்று பேசிக்கொண்டே வருகிறாள். அப்படிப் பேசுகிறவளிடம் எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது? நீயே சொல். நீ இருந்தால் எந்த இடத்தில் சொல்வாய்?

நீ இத்தனை நாவல் படித்தவள். அன்று நீ வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அவர் உங்கள் தெருமுனைக்குப் போய் யாருக்குப் போன் பண்ணினார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அண்ணி


ஜூலை 26

அண்ணி,

கிளம்பிவிட்டோம் என்று உங்களுக்குச் சொல்லத்தான் போன் பண்ணினார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "மெதுவா வா, அவசரமில்ல" என்று என் பையை வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாக அந்த வார்த்தையை நினைத்து நினைத்துத்தான் எரிந்துகொண்டிருந்தேன்.

அன்று அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது. மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறவள், நாள் பூராவும் கொலைக் கதை படிக்கிறவள், இப்போதுதான் போன உயிருக்குக் கை அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு கேள்வி. அம்மா போனது நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலா, பின்னாலா?

பாப்பா


ஆகஸ்ட் 1

பாப்பா,

முன்னால்.

இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்ன தைரியத்தில்தான் உன்னைக் கூட்டிவரக் கிளம்பினார். அவர் உன் ஊரைத் தொடுவதற்குள் அத்தை போய்விட்டார்கள், தூக்கத்திலேயே, என் கையைப் பிடித்துக்கொண்டே. போனில் நான்தான் சொன்னேன். "பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ அழாதே" என்றார்.

வாசலில் நீ கேட்டபோது, பக்கத்து வீட்டு டீச்சர் உன் ஆறுதலுக்காக "இப்பத்தாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். நீ அவரைப் பார்த்து அப்படிச் சொன்னாய். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "வழியெல்லாம் பேசிட்டு வந்தா. நான் தெரிஞ்சேதான் கேட்டுட்டு வந்தேன்னு இப்ப சொன்னா அவ தாங்க மாட்டா. என் மேல கோபமாவே இருக்கட்டும்" என்று அன்று இரவு சொன்னார்.

சத்தியத்தை மீறிவிட்டேன். திட்டினால் திட்டட்டும். உன் வயிற்றைக் காயப் போடாமல் வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நலமா? சத்து மாத்திரை போடுகிறாயா?

அண்ணி மேல் கோபப்படாதே. அவர்கள் சொன்னது பாதிதான், மீதி எனக்கே தெரிந்துவிட்டது. எழுதவே கை கூசுகிறது. வழியெல்லாம் நான் என்ன பேசினேன் என்று இரண்டு நாளாக ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு வாங்கின கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து, கலர் பிடிக்குமா என்று உன்னிடம் கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பப் பிடிக்கும்" என்றாய். அம்மா வளவளவென்று பேசுவதை நடித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். டீக்கடையில் என்னை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நீ மட்டும் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். நேரத்தை வீணாக்குகிறாய் என்று அதற்கும் எரிந்து விழுந்தேன்.

எனக்கு ஊரே கேட்க அழ முடிந்தது. கத்த முடிந்தது. பழி போட நீ இருந்தாய். உனக்கும் அவள்தானே அம்மா? அந்த வழி முழுக்க உனக்கு யார் இருந்தார்கள் அண்ணா? என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ தனியாகத்தானே வந்தாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் பாப்பா


ஆகஸ்ட் 11

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

மாத்திரை போடுகிறேன், கசக்கிறது. உன் அண்ணியைத் திட்டவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

நண்பரிடம் கார் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பையைத் தயாராக வை, நாலு நாள் தங்குகிற மாதிரி. படிக்காமல் வைத்திருக்கிற நாவல் இருந்தால் எடுத்துக்கொள். லிஃப்ட் மாதிரி ஓடுகிறதெல்லாம் வேண்டாம்.

நான் தனியாக வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது தப்பு. எல்லாரும் என்னைப் பெரிய தியாகி ஆக்குகிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். உனக்காக மட்டும் மெதுவாக ஓட்டவில்லை. அம்மா இப்படிப் பேசுவாள், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படி உட்காருவாள் என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். போனை வைத்தபோது எனக்கு அம்மா இல்லை. வண்டிக்குள் நீ பேசின வரைக்கும் இருந்தாள். வீடு வந்துவிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்றுதான் நான் வேகமாகப் போகவில்லை.

உன் அண்ணன்